ஆஸ்திரேலியக் கடற்படைக்கு ஒரு கற்பனைப் போர்க்கப்பல்: கணக்கும் கோடும்

கேள்வி இது: ஆஸ்திரேலியக் கடற்படையின் வரலாறு வேறு வழியில் திரும்பியிருந்தால் அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய போர்க்கப்பல்களைக் கற்பனையாக வடிவமைத்து வரைய வேண்டும், முதல் முயற்சியாக, 1942இல் சிட்னியிலேயே கட்டி முடிக்கப்பட்ட, 16 அங்குலப் பீரங்கிகள் ஒன்பதைச் சுமக்கும் 45,000 டன் போர்க்கப்பல் ஒன்றை எண்ணி வைத்திருக்கிறேன், பார்ப்பவர் நம்பும்படி அதை எப்படி அமைப்பது, எங்கிருந்து தொடங்குவது?

அந்தக் குறிப்பிட்ட கப்பல் நிற்காது. அது ஏன் நிற்காது என்று காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இந்தக் கலைக்குள் நுழைவதற்கு நல்ல வாசல் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். முதல் தடை உலர்துறை, அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலின் அடிப்பாகத்தில் வேலைசெய்ய உதவும் துறை. நாற்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட போர்க்கப்பலின் அகலம் நூறு அடியைத் தாண்டும். சிட்னியின் கார்டன் தீவில் கேப்டன் குக் உலர்துறையைத் தோண்டத் தொடங்கியது 1940இல். அது திறக்கப்பட்டது 1945 மார்ச்சில். அதற்கு முன் அத்தகைய கப்பலின் அடிப்பாகத்தைத் துப்புரவு செய்யக்கூட ஆஸ்திரேலியாவில் இடம் இல்லை. இரண்டாவது தடை ஆட்கள். 1939இல் போர் தொடங்கியபோது அக்கடற்படையின் நிரந்தரப் படையினர் ஐயாயிரத்துக்குச் சற்று மேல். இந்த அளவுள்ள கப்பல் ஒன்றே ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கேட்கும். மூன்றாவது தடை தொழில்வளம். தடித்த கவசத் தகடு, பெரிய பீரங்கி, அதைச் சுழற்றும் கோபுரத்தின் இயந்திர அமைப்பு ஆகியவற்றை உருவாக்கத் தனித்தனித் தொழிற்சாலைகளும் பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். அவை பிரிட்டனில் இருந்தன, ஆஸ்திரேலியாவில் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் சிட்னியின் காக்கட்டூ தீவுக் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட அடிலெய்டு என்ற சாதாரணக் குரூசரே (நடுத்தர அளவுள்ள வேகமான போர்க்கப்பல்) 1915இல் அடிக்கட்டை இடப்பட்டு, அதாவது கட்டத் தொடங்கப்பட்டு, 1922இல்தான் பணியில் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உறுப்புகள் போரினால் வராமல் போனது அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். ஏறத்தாழ 5,500 டன் கப்பலுக்கே அந்த நிலை.

இதனால் பெரிய கப்பலைக் கனவு காணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய கப்பல் வேண்டுமென்றால் வரலாற்றை எந்த ஆண்டில், எந்த இடத்தில் திருப்புகிறோம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த ஒரு திருப்பத்துக்குப் பிறகு வரும் எல்லா விளைவுகளையும், நமக்குப் பிடிக்காதவை உட்பட, ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மாற்றம் இலவசம். மற்றவை எல்லாம் அதன் விலை. இந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டவரின் எளிய சிறு ரோந்துக் கப்பலும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கும்; ஏற்காதவரின் எவ்வளவு அழகான படமும் ஆயுதப் பட்டியலாகவே எஞ்சும்.

ஆஸ்திரேலியாவின் உண்மை வரலாற்றிலேயே இத்தகைய திருப்பங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. என் பார்வையில் மிகப் பெரியது அட்மிரல் ஹெண்டர்சன் 1911இல் அளித்த அறிக்கை. இருபத்திரண்டு ஆண்டுகளில் எட்டு பெரும் கவசக் குரூசர்கள், பத்து பாதுகாப்புக் குரூசர்கள், பதினெட்டு நாசகாரிகள் (குரூசரைவிடச் சிறிய வேகமான போர்க்கப்பல்கள்), பன்னிரண்டு நீர்மூழ்கிகள், அவற்றுக்கான துணைக்கப்பல்கள் என மொத்தம் 52 கலங்களையும் பதினைந்தாயிரம் வீரர்களையும் அது பரிந்துரைத்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைக்கூட எட்டவில்லை. திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் அதன் பாதியாவது நிறைவேறிய ஓர் உலகத்தை எண்ணிப் பார்க்கலாம். அந்த உலகத்தில் தளங்களும் உலர்துறைகளும் பயிற்சிப் பள்ளிகளும் இருபது ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்கும். பெரிய கப்பலுக்கு அப்போதுதான் தரை கிடைக்கும். போர்க்குரூசர் ஆஸ்திரேலியா 1913 அக்டோபரில் சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்து, நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்த வாஷிங்டன் உடன்படிக்கையின்படி 1924 ஏப்ரலில் அதே சிட்னிக்கு வெளியே மூழ்கடிக்கப்பட்டது. உடன்படிக்கை வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால் என்ன என்பது இன்னொரு திருப்பம். 1973இல் கைவிடப்பட்ட உள்நாட்டு இலகு நாசகாரித் திட்டம் மற்றொன்று. பிரிட்டனின் இன்வின்சிபிள் விமானந்தாங்கியை ஆஸ்திரேலியா வாங்குவதாக 1982இல் முடிவாகி, அதே ஆண்டு ஃபாக்லாந்து போருக்குப் பிறகு கலைந்துபோன ஒப்பந்தம் வேறொன்று.

இந்தக் கடற்படைக்குக் குரூசர்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சென்னை வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பலை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே வீழ்த்தியது ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி. முதலில் சுட்டதும் முதலில் குறியைத் தொட்டதும் எம்டன்தான். ஆனால் அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் சிட்னியின் ஆறு அங்குலப் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பரந்த கடலில் எங்கே தோன்றும் என்று தெரியாத ஒற்றை எதிரியைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு வேகம், தொலைதூரப் பயணம், தனித்து நின்று போரிடும் வலு ஆகிய மூன்றும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்காக எந்தக் காலத்துக் கப்பலை வரைந்தாலும் இந்த மூன்றும் அதில் தெரிய வேண்டும் என்பது என் கருத்து. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் நாலாயிரம் கடல் மைலுக்கும் மேல். ஐரோப்பியக் குறுங்கடல்களுக்காக வடிவமைத்த கப்பலை அப்படியே எடுத்து ஆஸ்திரேலியக் கொடியை ஏற்றினால் அது வழியிலேயே எரிபொருள் கேட்டு நிற்கும்.

இன்னொரு உண்மையையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்தக் கடற்படையின் பெரிய கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பிறர் வடிவமைத்தவை. ஆஸ்திரேலியர் அவற்றைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். பிரிட்டிஷ் டிரைபல் வகை நாசகாரியை ஒட்டிய அருந்தா, வாரமுங்கா, பட்டான் ஆகிய மூன்றும் காக்கட்டூ தீவில் கட்டப்பட்டவை. அவற்றில் ஒரு 4.7 அங்குல இரட்டைப் பீரங்கிக்குப் பதிலாக வானெதிர்ப்புக்கு உதவும் 4 அங்குல இரட்டை பொருத்தப்பட்டது. பெர்த், ஹோபார்ட், பிரிஸ்பேன் என்ற மூன்று ஏவுகணை நாசகாரிகள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டி நகரில் கட்டப்பட்ட சார்லஸ் எஃப். ஆடம்ஸ் வகை, ஆனால் அமெரிக்கக் கப்பல்களில் அஸ்ராக் என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு ஏவுகணை இருந்த இடத்தில் இவற்றில் ஆஸ்திரேலியாவே உருவாக்கிய இக்காரா நீர்மூழ்கி எதிர்ப்பு ஏவுகணை இடம்பெற்றது. இந்த மரபுக்கு அருமையான விலக்கு பாதர்ஸ்ட் வகைக் கார்வெட். போருக்குச் சற்று முன் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டு, எட்டு கப்பல் தளங்களில் அறுபது கப்பல்களாகப் பெருகிய சிறிய கலம் அது. அறுபதில் நான்கு அன்றைய இந்தியக் கடற்படைக்குச் சென்றன, அந்த நான்கில் ஒன்றின் பெயர் மெட்ராஸ். உள்நாட்டுத் தொழில்வளம் எதைச் செய்ய வல்லது என்பதை அறிந்து, அந்த அளவுக்குள் வடிவமைத்ததாலேயே பாதர்ஸ்ட் வென்றது. ஆகவே வெற்றுத்தாளில் புதிய கப்பலைப் படைப்பதைவிட, அந்தக் காலத்தில் உண்மையில் கிடைத்த ஒரு வடிவத்தை எடுத்து, ஆஸ்திரேலியர் அதை எப்படி மாற்றியிருப்பார்கள் என்று கேட்பதே சரியான முறை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து காட்டுகிறேன். திருப்பம் இது: 1960ஐ ஒட்டி, ஏவுகணை நாசகாரிகளை அமெரிக்காவில் வாங்குவதற்குப் பதிலாக, ஏற்கெனவே கட்டிப் பழகிய டேரிங் என்ற பிரிட்டிஷ் நாசகாரி வகையை நீட்டித்து உள்நாட்டிலேயே கட்டுவது என்று அரசு முடிவெடுக்கிறது. தேவை உண்மையானது, இந்தோனேசியா அப்போது சோவியத் ஒன்றியத்திடமிருந்து ஸ்வெர்ட்லோவ் வகைக் குரூசர், நீர்மூழ்கிகள், டு-16 குண்டுவீச்சு விமானங்கள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டிருந்தது. கட்டுமிடமும் உண்மையானது, வாயேஜரும் வாம்பயரும் காக்கட்டூ தீவிலும் வென்டெட்டா வில்லியம்ஸ்டவுனிலும் உருவானவை. நான்காவதாகத் திட்டமிட்ட வாட்டர்ஹென் 1950களில் கைவிடப்பட்டதால் 1960இல் அந்தப் பெயர் காலியாக இருந்தது. நம் கற்பனைக் கப்பலுக்கு அதையே வைப்போம்.

டேரிங் கப்பல் ஏறத்தாழ 390 அடி நீளம், 43 அடி அகலம், முழுச்சுமையில் சுமார் 3,600 டன் இடப்பெயர்ச்சி (கப்பல் விலக்கும் நீரின் எடை, அதாவது கப்பலின் எடை), 54,000 குதிரைத்திறன். முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக மூன்று இரட்டைக் கோபுரங்களில் ஆறு 4.5 அங்குலப் பீரங்கிகள். இதில் டார்ட்டர் வான்காப்பு ஏவுகணையைச் சேர்க்க வேண்டும். பெர்த் வகையில் இருந்த மார்க் 13 ஒற்றைக்கை ஏவுகருவியும் அதன் நாற்பது ஏவுகணைகளைத் தாங்கும் உருளை அறையுமே இயல்பான தேர்வு. பின்பக்கக் கோபுரத்தை எடுத்துவிட்டு அங்கே இதை வைக்கலாம் என்று எல்லோருக்கும் உடனே தோன்றும். தோன்றியதும் கோடு போடத் தொடங்கிவிடாமல், அந்த இடத்தின் குறுக்குவெட்டை ஒரு துண்டுத்தாளில் வரைந்து பாருங்கள். ஏவுகருவியின் அறை மேல்தளத்திலிருந்து பல அடி கீழே இறங்குகிறது. நாசகாரியின் பின்பகுதியிலோ உடல் மெலிந்து, அடியில் சுழலித் தண்டுகள் ஓடுகின்றன. அறையைத் தண்டுகளுக்கு மேலே நிறுத்தினால் ஏவுகருவி உயரும். உயர்ந்தால் எடையும் உயரும். எனவே பின்பகுதியில் ஒரு தளம் உயர்ந்த கூண்டு கட்ட நேரிடும். உங்கள் படத்தில் அந்தக் கூண்டு தெரியும்போது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

எடையைவிட அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் நாசகாரிகளைத் துன்புறுத்தும் சிக்கல். டார்ட்டர் ஏவுகணையை வழிநடத்த இலக்கின் மீது அலைகளைப் பாய்ச்சும் இரண்டு பெரிய ஒளியூட்டு ராடார்கள் வேண்டும். இலக்கின் உயரத்தையும் அளக்கும் முப்பரிமாண ராடார் ஒன்று வேண்டும். ஆடம்ஸ் வகையில் அந்த முப்பரிமாண ராடார் இரண்டாவது புகைபோக்கியோடு இணைந்த கம்பத்தில் இருந்தது. டேரிங் வகையிலோ முதல் புகைபோக்கி பின்னல் கம்பத்துக்குள் புதைந்திருக்கும், இரண்டாவது மெல்லியது. ஆகவே இரண்டாவதை அகலப்படுத்தி, வலுவான கம்பமாக மாற்றி, ராடாரை அங்கே ஏற்ற வேண்டும். இவ்வளவையும் மேலே ஏற்றினால் கப்பலின் ஈர்ப்பு மையம் எழும்பும். அதற்கு மருந்து அகலம். மிதக்கும் உடலின் நிலைத்தன்மைக்கு ஆதாரமான அளவு அகலத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்; 43 அடியை 46 ஆக்கினால், நீரமிழ்வு (உடல் நீருக்குள் அமிழும் ஆழம்) மாறாதவரை, அது ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். கப்பல் கனத்து ஆழம் கூடும்போது அதில் ஒரு பகுதி கழிந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நடுப்பகுதியில் இக்காராவுக்கும் இடம் வேண்டும். அதற்குப் பழைய டார்பிடோக் குழாய்கள் இருந்த இடத்தை விட்டுக்கொடுக்கலாம்; ஆனால் இக்காரா வெறும் ஏவுகருவி மட்டும் அன்று. டார்பிடோவைத் தன் வயிற்றில் சுமந்து பறக்கும் சிறு விமானம் போன்ற அதைச் சேமிக்கவும், இறக்கைகளைப் பொருத்தி ஏவுகருவிக்கு நகர்த்தவும் தளத்தின் மேலேயே அறைகள் தேவைப்படும். இதற்காகக் கப்பலை நடுவில் முப்பது அடி நீட்டுகிறேன். மொத்த நீளம் 420 அடி, நீர்மட்டத்தில் ஏறத்தாழ 405 அடி என்று கொள்வோம். இப்போது இடப்பெயர்ச்சியைக் கணக்கிடலாம். நீர்மட்ட நீளம், அகலம், நீரமிழ்வு மூன்றையும் பெருக்கி, உடலின் பருமைக் கெழுவாலும் பெருக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் கொண்ட பெட்டியில் எத்தனை பங்கைக் கப்பலின் உடல் நிரப்புகிறது என்பதே அந்தக் கெழு. மெலிந்த நாசகாரிக்கு அது பாதியை ஒட்டியும், பெரும் போர்க்கப்பலுக்கு 0.6ஐ ஒட்டியும் இருக்கும். 405 × 46 × 15.5 × 0.5 என்றால் ஏறத்தாழ 1,44,400 கன அடி. கடல்நீர் ஒரு டன்னுக்கு 35 கன அடி என்பதால் 4,125 டன். ஆடம்ஸ் வகையின் முழுச்சுமை சுமார் 4,500 டன். அதைவிடச் சற்றே சிறிய கப்பலில் அதே ஏவுகணையும், முன்னே நான்கு பீரங்கிகளும் என்பது நெருக்கமானது, ஆனால் நம்பத்தக்கது. இந்த எண் 3,200 என்று வந்திருந்தால் கப்பல் தன் எடையைச் சுமக்காது. வடிவமைப்பைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

வேகத்துக்கும் இதே நேர்மை வேண்டும். ஒரே வடிவமுள்ள கப்பல்களில் தேவையான திறன், இடப்பெயர்ச்சியின் மூன்றில் இரண்டு அடுக்குக்கும் வேகத்தின் மும்மடிக்கும் ஏற்ப உயர்கிறது என்பது பழைய, தோராயமான, ஆனால் மிகவும் பயனுள்ள விதி. அதே 54,000 குதிரைத்திறன் இயந்திரங்களை வைத்துக்கொண்டு 3,600 டன்னிலிருந்து 4,125 டன்னுக்குப் போனால் வேகத்தில் ஏறத்தாழ மூன்று விழுக்காடு, அதாவது ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவு, இழப்போம். நீண்ட உடல் அதில் சிறிதைத் திருப்பித் தரும். இந்த இழப்பைத் தாங்க முடியாமல் இயந்திரத்தை 70,000 குதிரைத்திறனுக்கு உயர்த்துபவர் பலர். அப்படிச் செய்தால் கொதிகலன் அறைகள் நீளும், எரிபொருள் குறையும் அல்லது கப்பல் பெரிதாகும், காக்கட்டூ தளம் பழகாத இயந்திரத்தைக் கட்ட வேண்டிவரும். ஒரு நாட் வேகத்தை விட்டுவிடுவது மேல். உண்மையான வடிவமைப்பாளரின் மேசையிலும் பெரும்பாலும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள்.

1950க்கு முந்தைய பீரங்கிக் கப்பல்களுக்கு இந்தக் கணக்குகளைச் செய்துகொடுக்க ஸ்பிரிங்ஷார்ப் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. கவசம், பீரங்கி, இயந்திரம், நிலைத்தன்மை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கப்பல் நிற்குமா என்று சொல்லும். ஏவுகணைக் காலத்துக் கப்பல்களுக்கு அது பொருந்தாது. அங்கே எடையைவிட இடமும் மின்சாரமும் ராடாரின் பார்வைக் கோணமுமே கப்பலின் அளவைத் தீர்மானிக்கின்றன. நிகரான உண்மைக் கப்பலோடு ஒப்பிடுவதுதான் அங்கே நம்பகமான வழி.

வாட்டர்ஹென் எப்போது பணியில் சேரும்? வாயேஜரின் அடிக்கட்டை 1949இல் இடப்பட்டது. கப்பல் 1957இல் பணியில் சேர்ந்தது. முழுவதும் பற்றவைத்து இணைத்து ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு, அந்தப் பெருமைக்கான காலமும் செலவாயிற்று. அனுபவத்தால் அந்தக் காலம் குறைந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நம் கப்பல் 1968க்கு முன் வராது. மெய்யான பெர்த் 1965இலேயே பணியில் சேர்ந்தது. ஹோபார்ட் 1967இல் வியட்நாம் கரையோரப் பீரங்கித் தாக்குதலுக்குச் சென்றது. நம் உலகத்தில் அந்த முதல் முறைக்கு யார் போவார்கள்? பழைய டேரிங்குகள்தாம். உண்மையில் வென்டெட்டா பின்னர் அங்கே பணியாற்றியது. அங்கு சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிகளில் உள்நாட்டில் கட்டப்பட்டது அது ஒன்றே. நம் உலகத்தில் அதன் பங்கு பெரிதாகும், உடல் தேய்வும் கூடும், ஓய்வுபெறும் ஆண்டும் முன்னதாக வரும். இவை படத்தில் தெரியாத செய்திகள். ஆனால் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு இவற்றால்தான் உயிர் பெறுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை மனமாரச் சொல்ல விரும்புகிறேன். 1964 பிப்ரவரி 10 இரவில் விமானந்தாங்கி மெல்போர்னோடு மோதி வாயேஜர் மூழ்கியதில் 82 பேர் இறந்தனர். மாற்று வரலாறு எழுதுபவர் இதை நடக்காமல் செய்துவிடலாம், நடந்தபடியே விட்டுவிடலாம். எதைச் செய்தாலும் அதற்கொரு காரணம் இருக்க வேண்டும். ஒரு கப்பலின் எண்ணிக்கை கணக்கில் வேண்டும் என்பதற்காக மட்டும் அந்த இரவை அழிப்பது எனக்கு ஏற்புடையதன்று. அவர்களின் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள்.

இனி வரைதல். இத்துறையில் பரவலாக வழங்குவது ஷிப்பக்கெட் எனப்படும் பக்கவாட்டுப் பட முறை; இதில் ஒரு பிக்சல் ஆறு அங்குலம். 420 அடி வாட்டர்ஹென் 840 பிக்சல் நீளம் வரும். 702 அடி மெல்போர்ன் 1,404 பிக்சல். ஒரே அளவுகோல் என்பதால் உங்கள் கற்பனைக் கப்பலை உண்மைக் கப்பலுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். நீங்கள் நேர்மையாக நடந்துகொண்டீர்களா என்பதை அந்த ஒப்பீடு உடனே காட்டிவிடும். ஆறடி மனிதர் பன்னிரண்டு பிக்சல். தளத்துக்கும் தளத்துக்கும் இடையே ஏறத்தாழ பதினாறு பிக்சல். நடமாடும் இடங்களிலெல்லாம் ஒரு மனித உருவைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். கதவு வழியே அவர் நுழைய முடிகிறதா, கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜின் சன்னலிலிருந்து முன்னிருக்கும் கோபுரத்துக்கு மேலாகக் கடலைப் பார்க்க முடிகிறதா, படகை இறக்கும் கைகளுக்கு வழி இருக்கிறதா என்பவை அப்போது தெரிந்துவிடும்.

வரிசை முக்கியம். முதலில் நீர்மட்டக் கோடு, பிறகு உடலின் வெளிக்கோடு. அதற்குள்ளே, இறுதிப் படத்தில் தெரியாது என்றாலும், உட்பகுதியை மெல்லிய நிறத்தில் பிரித்துவிடுங்கள்: பீரங்கிகளுக்குக் கீழே வெடிமருந்து அறை, பிறகு கொதிகலன் அறை, இயந்திர அறை, மீண்டும் கொதிகலன், மீண்டும் இயந்திரம். ஓர் அடியில் எல்லாம் செயலிழந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த மாறிமாறி அடுக்கும் முறை கையாளப்பட்டது. புகைபோக்கிகள் கொதிகலன் அறைகளுக்கு மேலேதான் எழ முடியும். ஆகவே உட்பகுதியைப் பிரித்தவுடன் புகைபோக்கியின் இடம் தானாகவே அமைந்துவிடும், அதிலிருந்து கம்பத்தின் இடமும் ராடாரின் இடமும் வரும். அழகுக்காகப் புகைபோக்கியைப் பத்தடி நகர்த்தினால் கொதிகலனையும் நகர்த்துகிறீர்கள் என்பதை மறவாதீர்கள். இதற்குப் பிறகு பீரங்கிகள் சுழலும் வட்டத்தையும், ஏவுகணையின் தீப்பிழம்பு படும் இடத்தையும் மேற்பார்வைப் படமாக ஒரு தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் படம் மட்டுமே வெளியிடுவதாக இருந்தாலும் மேற்பார்வைப் படம் இல்லாமல் எந்தக் கப்பலையும் நான் முடிப்பதில்லை. இரண்டு படகுகள் ஒரே இடத்தில் நிற்பதைப் பக்கவாட்டுப் படம் மறைத்துவிடும்.

உறுப்புகளை வரைய நல்ல மூலங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படத்தொகுப்பில் பல கப்பல்களைப் பல ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்கள் கிடைக்கும். ஆண்டைக் கவனித்துப் பயன்படுத்துங்கள், ஏனெனில் வாம்பயரும் வென்டெட்டாவும் 1970களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பின் பிரிட்ஜின் தோற்றமே மாறிவிட்டது. வாம்பயர் இன்று சிட்னியின் டார்லிங் துறைமுகத்தில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. பாதர்ஸ்ட் வகையில் காசில்மெயின் வில்லியம்ஸ்டவுனிலும் வயல்லா அதே பெயருள்ள நகரில் தரையிலும் பாதுகாக்கப்படுகின்றன. செல்ல முடிந்தவர்கள் ஒரு கதவை, ஒரு கைப்பிடிக் கம்பியை, ஓர் ஏணியின் சாய்வைப் படமெடுத்துக்கொண்டு வரட்டும். முழுக்கப்பலின் படங்கள் இணையத்தில் நிறைய உண்டு, இத்தகைய சிறு உறுப்புகளின் படங்கள்தாம் கிடைப்பதில்லை. பிறர் வரைந்த உறுப்புகளை எடுத்துப் பயன்படுத்தும்போது அவர்களின் பெயரைப் படத்தின் ஓரத்தில் எழுதுவது கட்டாயம்.

நிறமும் கொடியும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். 1967 மார்ச் 1 வரை ஆஸ்திரேலியக் கப்பல்கள் பிரிட்டனின் வெள்ளைக் கொடியையே ஏற்றின. அன்றிலிருந்து நீல விண்மீன்கள் கொண்ட தமக்கேயான வெள்ளைக் கொடி. 1968இல் பணியில் சேரும் வாட்டர்ஹென்னில் செஞ்சிலுவை பொறித்த பழைய கொடி பறந்தால் படம் முழுவதும் ஐயத்துக்குரியதாகிவிடும். பெயர்களிலும் மரபு உண்டு: மாநிலத் தலைநகரங்கள் பெருங்கப்பல்களுக்கு, பழங்குடிப் பெயர்கள் டிரைபல் வகைக்கு, மத்தியதரைக் கடலில் போரிட்ட பழைய நாசகாரிகளின் பெயர்கள் டேரிங்குகளுக்கு. முதல் வாட்டர்ஹென் 1941 ஜூன் இறுதியில், முற்றுகையிடப்பட்டிருந்த டோப்ருக்குக்குப் பொருள்கள் கொண்டுசென்ற பணியில் விமானத் தாக்குதலுக்கு உள்ளாகி மூழ்கியது; அந்தப் போரில் எதிரியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அது. பெயரைத் திரும்ப வைப்பதற்கு இதைவிடத் தகுந்த காரணம் வேண்டியதில்லை.

ஒரே ஒரு படத்தோடு நிறுத்திவிடாமல் அதே கப்பலை மூன்று ஆண்டுகளில் வரைந்தால் வடிவமைப்பின் வலுவும் குறையும் வெளிப்படும். 1968இல் பணியில் சேர்ந்த நாளின் தோற்றம் முதலாவது. 1970களில் டார்ட்டருக்குப் பதில் ஸ்டாண்டர்ட் ஏவுகணையும் கணினி வழிப் போர்த் தகவல் அமைப்பும் வரும். பெர்த் வகைக்கு அவ்வாறே நடந்தது. கணினிக்குக் குளிரூட்டியும் மின்சாரமும் எங்கிருந்து வரும் என்று அப்போது கேட்க வேண்டும். நம் நெருக்கமான 4,125 டன் உடலில் எதையாவது இறக்காமல் அது நடக்காது. முன்பக்கத்தின் இரண்டாவது கோபுரத்தை எடுத்துவிட்டு அங்கே அறை கட்டுவேன் என்பது என் முடிவு. மூன்றாவது, இக்காரா நீக்கப்பட்ட கடைசிக் காலத் தோற்றம். மூன்று படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, படத்தின் கூர்மை கெடாத பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வடிவம் ஒற்றைப் பிக்சல் கோடுகளைக் கலங்கடித்துவிடும். கீழே ஐந்தாறு வரிகளில் திருப்பம் நடந்த ஆண்டு, கட்டிய தளம், நீளம், அகலம், நீரமிழ்வு, இடப்பெயர்ச்சி, திறன், வேகம், ஆட்களின் எண்ணிக்கை, எதை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றீர்கள் என்பவற்றை எழுதிவிடுங்கள். நீங்கள் எண்ணியிருந்த 45,000 டன் கப்பலுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. 1911இல் தொடங்கி, ஹெண்டர்சன் கேட்ட தளங்களை முதலில் கட்டிவிட்டு, கவசத்தையும் பீரங்கியையும் பிரிட்டனிலிருந்து தருவித்து, ஆண்டை 1942க்குப் பதிலாக நாற்பதுகளின் இறுதிக்குத் தள்ளி ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். வரும் எண்களை இங்கே பகிர்ந்தால் உடலின் வெளிக்கோட்டைச் சேர்ந்து சரிபார்க்கலாம்.